ஏழாம் நிலையத்துப் பூஜ்யம்

செவ்வாய்க்கிழமை காலைக் கூட்டத்தில் புரொஜெக்டரிலிருந்து சுவரில் விழுந்த பட்டியலைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். "ஏழாம் நிலையம்: பதினாலு மாதம், பழுது 0" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சோதனை மேடம் மட்டும் கைதட்டவில்லை. பூஜ்யத்தைப் பார்த்தால் அவளுக்குச் சந்தோஷம் வராது, மூக்கில்தான் வியர்க்கும். பிறவிக் குணம், என்ன செய்வது?

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததில் ரகசியம் ஒன்றுமில்லை. வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனி அது. புதிதாக எந்தக் கருவி வாங்குவதென்றாலும் அதைச் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பிரிவுக்கு அவள் தலைவி. அவள் நடைபாதையில் வந்தால், "நமக்குன்னு ஒரு சோதனை வருது பாரு" என்று யாராவது சொல்வார்கள். அவள் காதில் விழவேண்டும் என்றேதான் சொல்வார்கள்.

இந்தத் தடவை வாங்கப் போவது பெரிய பெட்டி. ஒரு தெருவில் உள்ள வீடுகளின் கம்பிகளெல்லாம் தெருமுனையில் ஒரு சின்னப் பெட்டியில் சேரும். அப்படி நூறு, நூற்றைம்பது சின்னப் பெட்டிகளின் கம்பிகள் ஒரு நிலையத்துக்கு வந்து ஒரே பெட்டிக்குள் புகுந்து, அங்கிருந்து மொத்தமாகத் தலைமையகத்துக்குப் போகும். காகிதத்தில் அதற்கு அக்ரிகேஷன் கருவி என்று பெயர். வேலை செய்கிறவர்கள் வாயில் அது வெறும் பெரிய பெட்டி. சின்னப் பெட்டி விழுந்தால் ஒரு தெரு திட்டும். பெரிய பெட்டி விழுந்தால் ஒன்பதாயிரம் வீடு ஒரே நேரத்தில் திட்டும், அதுவும் வாய் கூசாமல்.

பதினாலு நிலையங்களிலும் பழைய பெட்டிகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. இரண்டு கம்பெனிகள் போட்டிக்கு வந்தன. ஒன்றின் பெட்டி பச்சை, மற்றொன்றின் பெட்டி சாம்பல் நிறம். பச்சையை ஏழாம் நிலையத்திலும் சாம்பலை மூன்றாம் நிலையத்திலும் வைத்துப் பதினாலு மாதம் ஓட்டிப் பார்த்தார்கள். சாம்பல் ஐந்து தடவை விழுந்தது. பச்சை ஒரு தடவைகூட விழவில்லை.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் எம்.டி. "பூஜ்யம்! நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. பூஜ்யத்தைக் கண்ணால பாத்ததே இல்ல."

பச்சைப் பெட்டியை விற்க வந்தவர் டையை நீவிக்கொண்டு சிரித்தார். "எங்க பெட்டிக்கு ஆளே தேவையில்லை சார். பூட்டிட்டுப் போயிடலாம்."

"அதான் திட்டமே. பதினாலு நிலையத்தையும் பூட்டிடுவோம். நாலு நிலையத்துக்கு ஒரு ஆள் சுத்தி வந்தா போதும். ஏழாம் நிலையத்துல இருக்கிற டெக்னீஷியன் சும்மாதானே உக்காந்திருக்கார்? அவரைப் புகார்ப் பிரிவுக்கு மாத்திடுங்க. போனாவது எடுக்கட்டும்."

அந்த டெக்னீஷியன் சோதனை மேடத்தின் அக்கா புருஷன். அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் எம்.டி. அவளை நிறுத்தினார். "வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வேணும். பச்சைன்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடு. இந்தத் தடவையாவது…" என்று ஆரம்பித்தவர் மீதியை முழுங்கிவிட்டார்.

முழுங்கினால் மட்டும் அவளுக்குப் புரியாதா? ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிய பேட்டரிகள் கோடையில் ஊதிப் போய் பதினொரு நிலையங்கள் இரண்டு நாள் இருண்டு கிடந்தன. கையில் கிடைத்த ஒரே வாரத்தில் சோதித்த பேட்டரி அது. அவசரப்படுத்தியது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. கையெழுத்து யாருடையது என்பது மட்டும் வாட்ச்மேனுக்குக்கூட ஞாபகம் இருந்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் தன்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைவிடப் பெரிய பயம், அனுப்புவது நியாயம்தான் என்று தனக்கே தோன்றிவிடுமோ என்பது.

அக்கா வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள். மறுநாள் காலை டீ குடிக்கக் கீழே இறங்கியபோது அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உங்க அத்தான் பண்றதைக் கேட்டியாடி? பெரியம்மா பொண்ணு கல்யாணத்துக்கு வரமாட்டாராம். ஞாயித்துக்கிழமையாம். வேலை இருக்காம்."

"ஞாயித்துக்கிழமை என்னக்கா வேலை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வாராவாரம் ஞாயித்துக்கிழமை நாலரைக்கு எழுந்து வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிடறாரு. ஆறரைக்குத் திரும்பி வந்து நல்ல பிள்ளை மாதிரி பேப்பர் படிக்கறாரு. எவகிட்டடி போறாரு, விடிஞ்சும் விடியாம?"

"அத்தானுக்கா? அவருக்கு உன்னைச் சமாளிக்கவே தெம்பு போதலை, இன்னொருத்தி வேறயா?"

"சிரிடி, நல்லா சிரி. உனக்கென்ன?"

சிரித்துக்கொண்டேதான் ஆபீசுக்குப் போனாள். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்திலிருந்து ஆறு வரை கம்பெனியில் பராமரிப்பு நேரம். வீடுகளெல்லாம் தூங்குகிற நேரம் என்பதால், அந்த ஒரு மணி நேரத்துக்குள் எந்தப் பெட்டி நின்றாலும் அது பழுதுக் கணக்கில் ஏறாது. கணக்கெடுக்கிற மென்பொருள் அந்த ஒரு மணி நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போய்விடும். இப்படி ஒரு விதியை யார் போட்டார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவார்கள். எல்லோரும் பார்ப்பது மாதக் கடைசியில் வருகிற சுருக்கப் பட்டியலை மட்டும்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால் அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சுருக்கத்தை மூடிவிட்டுப் பச்சைப் பெட்டியின் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கோட்டைத் திறந்தாள். கோடு திங்கட்கிழமையிலிருந்து படிப்படியாக ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பத்துக்குத் தொபுக்கடீர் என்று அடிக்கு விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி ஞாயிறு, மறுபடி தொபுக்கடீர். ஐம்பது, ஐம்பத்தைந்து வாரம் ரம்பப் பல் மாதிரி வரிசையாக நின்றது. பையை எடுத்துக்கொண்டு ஏழாம் நிலையத்துக்குக் கிளம்பினாள்.

ஏழாம் நிலையம் ஒரு மருந்துக்கடைக்கும் சைக்கிள் ரிப்பேர்க் கடைக்கும் நடுவில் இருந்த ஒற்றை அறை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பது அத்தான் போட்ட சட்டம். உள்ளே தரை கண்ணாடி போலிருந்தது. ஒவ்வொரு கம்பியிலும் அவர் கையால் எழுதி ஒட்டிய சீட்டு. நடுவில் பச்சைப் பெட்டி பளபளவென்று உறுமிக்கொண்டிருந்தது. பழைய பெட்டி மூலையில், தேவைப்பட்டால் கம்பிகளை மாற்றிக்கொள்ளத் தயாராக, துணி போர்த்தி நின்றது.

"வாங்க மச்சினிச்சி! தலைமையகமே நேர்ல வந்திருக்கு. என்ன, எனக்குப் புகார்ப் பிரிவுல நல்ல நாற்காலியா பாத்துட்டு வந்தீங்களா?"

"அத்தான், ஞாயித்துக்கிழமை காலைல இங்க வந்து என்ன பண்றீங்க?"

கையிலிருந்த துடைக்கிற துணியை அத்தான் நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

"ரீஸ்டார்ட் பண்றேன்."

"வாராவாரமா?"

"விட்டா பதினோராவது நாள் உறைஞ்சு போயிடும், கோடு ஏறுற வேகத்துலயே தெரியுதே. ஒவ்வொரு வீடும் நெட்டுல உள்ள வந்து வெளிய போறப்ப கொஞ்சம் கொஞ்சமா எதையோ மறக்காம வச்சுக்குது இந்தச் சனியன். நிரம்பி வழிஞ்சா நின்னுடும். முதல் மாசம் வீடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் இதுக்கு மாத்தினோம், அதனால தாங்கிச்சு; எல்லா வீடும் வந்ததும் ரெண்டாவது மாசமே கண்டுபிடிச்சேன். வாரத்துக்கு ஒரு தடவை எழுப்பி விட்டா நல்ல பிள்ளையா ஓடுது."

"கண்டுபிடிச்சா சொல்ல மாட்டீங்களா? பதினாலு பெட்டி வாங்கப் போறாங்க அத்தான்! பூட்டின அறையில வைக்கப் போறாங்க! அங்கெல்லாம் ஞாயித்துக்கிழமை யாரு போவா? நீங்களா பறந்து போவீங்க?" குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் சுத்தியல் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது.

அத்தான் அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மூன்று மெயில்கள், அச்சிட்டு வைத்தவை. மூன்றும் அவர் சோதனைப் பிரிவுக்கு அனுப்பியவை. முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்குக் கீழே ஒரு வரிப் பதில் இருந்தது.

"ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறதா? சரியென்றால் அப்படியே செய்துவிடுங்கள்."

அனுப்பியவர் பெயர் அவளுடையது.

அதை மறுபடி படித்தாள். எழுதியது ஞாபகம்கூட வரவில்லை. தேதியைப் பார்த்தாள். பேட்டரி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த வாரம். ஒரு நாளைக்கு முந்நூறு மெயில், இரண்டு விசாரணை. எது வந்தாலும் தலைக்கு மேலிருந்து இறங்கினால் போதும் என்று ஒரு வரி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வரியை இந்த மனுஷன் உத்தரவாக எடுத்துக்கொண்டு, மழை, குளிர், காய்ச்சல் என்று பார்க்காமல், பெண்டாட்டியின் சந்தேகத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டு ஐம்பத்தைந்து ஞாயிறு வந்திருக்கிறார்!

"வீட்டுல மாடியிலதானே இருக்கேன். வாய்விட்டுச் சொல்லக் கூடாதா?"

"எப்படிம்மா சொல்றது? அப்ப உன் தலை உருண்டுட்டு இருந்துச்சு. சோறு இறங்காம மாடியில கிடந்தே. இதையும் கொண்டு வந்து உன் தலையில வைக்கவா? அப்புறம் பழகிடுச்சு. ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன். நான் ஒழுங்கா வேலை பாத்ததுல என் நாற்காலியே போகும்னு கனவா கண்டேன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதாள். அவர் எட்டாக மடித்த துணியை நீட்டினார். எண்ணெய் நாற்றம் அடித்தது, பரவாயில்லை.

மறுநாள் முழுக்க மூன்றாம் நிலையத்தின் குறிப்புகளைத் தோண்டினாள். சாம்பல் பெட்டி விழுந்த ஐந்து தடவையும் அங்கே விவரமாக எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு தடவை தெருவிலேயே மின்சாரம் இல்லை. ஒரு தடவை ஏசி தண்ணீர் சொட்டியது. ஒரு தடவை எலி கம்பியைக் கடித்தது. ஒரே ஒரு தடவைதான் பெட்டி தானாக விழுந்தது, நாலு நிமிஷத்தில் தானாகவே எழுந்தும்விட்டது. பதினாலு மாதத்தில் யாரும் அதைத் தொட்டு எழுப்பியதே இல்லை. ஐந்து தடவை விழுந்ததாகக் கெட்ட பெயர் வாங்கிய பெட்டி உண்மையில் உத்தமமான பெட்டி, ஒரு தடவையும் விழாததாகப் பெயர் வாங்கிய பெட்டி ஒரு மனுஷனின் தூக்கத்தைத் தின்று நிற்கிறது. இதை வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும்.

சொல்லாமலும் சமாளிக்கலாம். விலை, எடை, சத்தம் என்று ஏதாவது காரணம் காட்டிச் சாம்பலுக்கு மாற்றிவிடலாம், அந்த மெயிலை யாரும் பார்க்கப் போவதில்லை. வியாழக்கிழமை இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவளுக்கு இந்த யோசனையும் வந்தது. அவளும் மனுஷிதானே.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முதல் பக்கமாக அந்த மெயிலையே சுவரில் போட்டாள்.

"பூஜ்யம் பெட்டியோடது இல்ல சார். அது டெக்னீஷியனோடது. அவர் மூணு தடவை எழுதிக் கேட்டிருக்கார். அப்படியே செய்யுங்கன்னு பதில் போட்டது நான்தான்."

டை கட்டியவர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "மேடத்து மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா பாருங்க, அந்த டெக்னீஷியன் மேடத்துக்கு நெருங்கின சொந்தம். வேலை போகப் போகுதுன்னதும் திடீர்னு எங்க பெட்டியில நோய் வந்துடுச்சு. வாரத்துக்கு ஒரு தடவை அவர் சும்மா அணைச்சுப் போட்டிருக்கலாம். அணைக்காம விட்டா விழும்னு யாரு பாத்தா?"

இது வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சுருக்கென்றது.

எம்.டி. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "பேட்டரி ஒண்ணு. இது ரெண்டு," என்றார். "உன் வார்த்தை மட்டும் எனக்குப் போதாதும்மா. மனசு கஷ்டப்பட்டாலும் பரவாயில்லன்னு சொல்றேன்."

"என் வார்த்தையை நம்ப வேணாம் சார். ரெண்டு பெட்டியையும் யாரும் தொடாம விட்டுப் பாருங்க. பன்னெண்டு நாள் போதும்."

"பதினாலு எடுத்துக்கோ. அப்புறம் நாள் பத்தலன்னு வந்து நிக்கக் கூடாது. ரெண்டுக்கும் கம்பிக் கதவு போட்டுப் பூட்டுங்க. சாவி என் மேஜையில இருக்கும். விழுந்தா உடனே பழைய பெட்டிக்கு மாத்தணும், அந்த வட்டாரத்து வீடுகளுக்கு முன்னாடியே மெசேஜ் போயிடணும்." அவளை நிமிர்ந்து பார்த்தார். "பதினாலு நாள்ல பச்சை விழலன்னா நீ ராஜினாமா கடிதத்தோட வா. நான் கேட்டு வாங்கற மாதிரி வச்சுக்காதே."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இரண்டு பெட்டிகளையும் புதிதாகக் கிளப்பிப் பூட்டினார்கள்.

ஒரு பெட்டி விழ வேண்டும் என்று காத்திருக்கிற வேலை இருக்கிறதே, அது எதிரிக்கும் வர வேண்டாம். ஆயுசு முழுக்க விழாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது இன்னும் கொடுமை. முதல் ஞாயிற்றுக்கிழமை அத்தான் நாலரைக்கு எழுந்து, வண்டிச் சாவியை எடுத்து, பிறகு ஞாபகம் வந்து, விடியும் வரை கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். விஷயம் தெரிந்துவிட்ட அக்கா, "வந்து படுங்க. உங்க சக்களத்திய நாலு நாள் கழிச்சு ஒரேயடியா சாய்க்கப் போறாங்களாம்," என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

பத்தாவது நாள் கோடு எழுபது சதவீதத்தில் நின்றது. பதினோராவது நாள் எழுபத்தைந்து. பன்னிரண்டாவது நாளும் பெட்டி விழவில்லை. அவளுக்குப் புரியவே இல்லை. ராத்திரியெல்லாம் கோட்டையே வெறித்துப் பார்த்தபிறகுதான் உறைத்தது: பள்ளிக்கூட விடுமுறை! ஏழாம் நிலையத்து வட்டாரத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் குறைந்ததால் பெட்டி மெதுவாக நிரம்பியது. காலண்டரைப் பார்க்காமல் பன்னிரண்டு நாள் என்று வாய் விட்டது அவள்தான். தலையில் அடித்துக்கொண்டாள்.

பதினாலாவது நாள், ஞாயிறு மதியம், நிலையத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கட்டிக் கொடுத்த சாப்பாடு பிரிக்காமல் இருந்தது. கோடு எண்பத்தொன்பது.

அத்தான் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாரும்மா. பூட்டைத் தொடவே வேணாம். டெஸ்ட் கருவிய இந்த முனையில சொருகி, பத்தாயிரம் பொய் வீட்டை உள்ள அனுப்பி வெளிய எடுத்தா அரை மணியில நிரம்பிடும். எப்படியும் விழப் போற பெட்டிதானே? நாம ஒண்ணும் இல்லாததைச் செய்யல. ரெண்டு நாள் முன்ன பின்ன, அவ்வளவுதான்."

அவள் அந்தக் கருவியைப் பார்த்தாள். கை எட்டும் தூரத்தில் இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு வேலை போய்விடும் என்பதும் கை எட்டும் தூரத்தில் இருந்தது. ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

"வேணாம் அத்தான்."

"எனக்காக இல்லம்மா. எனக்கென்ன, புகார்ப் பிரிவுல போன் எடுத்துட்டுப் போறேன். உனக்காகச் சொல்றேன்."

"தெரியும். இத்தனை நாள் நீங்க தாங்கிப் பிடிச்சீங்க, அது நிக்கறதா எல்லாரும் நம்பினாங்க. இப்ப நாம தள்ளி விட்டா அது விழுந்ததா நம்புவாங்க. ரெண்டும் ஒண்ணுதான். ஒரு தடவையாவது அது என்ன பண்ணுதுன்னு அதுவே சொல்லட்டும்."

அத்தான் கருவியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்தார். "நீயே வச்சுக்கோ. என்னை நான் நம்ப மாட்டேன்," என்றார். பிறகு இருவரும் ஆறிய சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை பதினோரு மணி அடித்தது. பச்சைப் பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது.

அவள் எம்.டி. அறைக்குள் போய் இரண்டு காகிதங்களை மேஜையில் வைத்தாள். ஒன்று ராஜினாமா. மற்றொன்று ரிப்போர்ட். அதன் முதல் வரி: "பதினாலு நாளில் பச்சைப் பெட்டி விழவில்லை." விடுமுறைக் கதையெல்லாம் நாலாவது பத்தியில்தான் இருந்தது.

எம்.டி. ரிப்போர்ட்டைக் கடைசி வரை படித்தார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

"வெளியிலிருந்தே அதைக் கவுக்க உனக்கு வழி தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் பண்ணல?"

"பண்ணியிருந்தா, உங்களுக்கு ஒரு பெட்டியப் பத்தித் தெரிஞ்சிருக்காது. என்னைப் பத்தித்தான் தெரிஞ்சிருக்கும்."

அவர் கோடு இருந்த பக்கத்தைப் புரட்டினார். "இந்தக் கோடு இப்படியே போனா எப்ப விழும்?"

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"அதையும் இதுல எழுது. எழுதிக் கையெழுத்துப் போடு. பேட்டரிக்கு அப்புறம் நீ எதுலயும் நேரத்தைக் குறிச்சுக் கையெழுத்துப் போடறதே இல்ல, கவனிச்சியா? 'இருக்கலாம்', 'கூடும்', 'வாய்ப்புண்டு'. படிச்சுப் படிச்சு எனக்கே வயசாகிடுச்சு."

கவனித்திருக்கவில்லை. அவர் சொன்னதும்தான் தெரிந்தது. பேனாவை வாங்கி, "செவ்வாய், மாலை ஐந்து மணிக்குள் விழும்" என்று எழுதினாள். "விழக்கூடும்" என்று எழுத விரல் துடித்தது, அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். எம்.டி. ராஜினாமாவை இழுப்பறையில் வைத்து, "நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் இது இங்க தூங்கட்டும்," என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிவரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மூன்று இருபதுக்குப் போன் அடித்தது.

"விழுந்துடுச்சு! அம்மாடி, விழுந்துடுச்சு!" அத்தான் போட்ட கூச்சலில் பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "என் கண் முன்னாடியே அப்படியே உறைஞ்சு போச்சு! நான் தொடல! சத்தியமா தொடல!"

"பழைய பெட்டிக்கு மாத்தியாச்சா?"

"ஆறு நிமிஷம்! எல்லா வீடும் வந்தாச்சு! நீ முதல்ல அந்த சாம்பல் எப்படி இருக்குன்னு பாரு!"

பார்த்தாள். சாம்பல் பெட்டியின் கோடு பதினைந்து நாளாகத் தரையோடு தரையாக, அசையாமல் படுத்துக் கிடந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு பெட்டி விழுந்ததற்கு ஒரு ஆபீசே சந்தோஷப்பட்டது அந்தக் கம்பெனி வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

கூச்சல் கேட்டு எம்.டி. அறையை விட்டு வெளியே வந்தார். கையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. அதை அவள் மேஜைக்குக் கீழே இருந்த குப்பைக் கூடையில் போட்டார். டை கட்டியவருக்கு நேற்றே போன் போட்டுப் பேசியதாகச் சொன்னார். கோட்டைக் காட்டியதும் குறை இருப்பதை ஒத்துக்கொண்டு, அடுத்த வருஷம் சரிசெய்து தருகிறோம் என்றாராம். "சரி பண்ணினப்புறம் வாங்கன்னு சொல்லிட்டேன். பதினாலும் சாம்பல்னு எழுதிக் கொண்டா, இன்னைக்கே," என்றார். பிறகு கையை நீட்டினார். "போனைக் குடு."

அவள் கொடுத்தாள்.

"நான் எம்.டி. பேசறேன். நீங்க மூணு மெயில் போட்டிருக்கீங்க. எங்க யாருக்கும் படிக்க நேரமில்ல. தப்பு எங்களோடது. பதினாலு நிலையத்திலயும் புதுப் பெட்டி வைக்கிறப்ப நீங்கதான் நின்னு பாத்து எடுத்துக்கணும். நீங்க சரின்னு சொல்லாம எந்த அறையையும் பூட்ட மாட்டோம். எது விழுந்தாலும் எழுதுங்க. யாரும் பதில் போடலன்னா நாலாவது மெயில் போடாதீங்க, நேரா எனக்குப் போன் போடுங்க. கேக்குதா?"

அந்தப் பக்கத்திலிருந்து பதிலே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று எம்.டி. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். லைன் நன்றாகத்தான் இருந்தது. அத்தான் அழுதுகொண்டிருந்தார்.